பிராணன், பிராணவாயு, நுரையீரல்: தமிழில் மூச்சுமண்டலச் சொற்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மூச்சைப் பற்றிய தமிழ்ச் சொற்கள் இலக்கணம், யோகம், மருத்துவம் ஆகிய துறைகளில் வளர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு உடலியல் தமிழுக்கு வந்த பின்னர் அவற்றுட் சில புதிய பொருள்களுக்குப் பெயராயின. பெயர் பழையது, பொருள் புதியது என்னும் இந்நிலை பழைய நூல்களைப் பிற்கால அறிவைக் கொண்டு படிக்கும் பிழைக்கு இடந்தருகிறது. தொல்காப்பியம், நன்னூல், திருமந்திரம் ஆகியவற்றின் மூச்சுக் கருத்துகள், யாழ்ப்பாணத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் செய்த பணி, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்று வழங்கும் பாடநூற் சொற்கள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மூச்சுமண்டலம், பிராணன், நுரையீரல், கலைச்சொல்லாக்கம், கிறீன், பிறப்பியல்

முன்னுரை

பிராணவாயுவின் இன்றியமையாமையைச் சித்தர்கள் முன்பே அறிந்து கூறினர் என்னும் கூற்று மேடைகளிலும் நூன்முகங்களிலும் அடிக்கடி இடம்பெறுகிறது. சான்றாகப் பத்து வாயுக்களின் பட்டியலோ திருமந்திரத்தின் பிராணாயாமப் பகுதியோ காட்டப்படும். அக்கூற்றின் வலிமை ஒரே சொல்லில் தங்கியிருக்கிறது. தமிழ்நாட்டு வழக்கில் பிராணவாயு என்பது ஆக்சிஜன். 1770களில் ஷீலேயும் பிரீஸ்ட்லியும் தனித்தனியே பிரித்தெடுத்து, லவாய்சியே பெயரிட்ட தனிமம் அது. பத்து வாயுக்களுள் முதலாவதான பிராணனோ ஒரு தனிமம் அன்று. காற்றின் ஒரு கூறும் அன்று. உடலுள் நிகழும் ஓர் இயக்கம். பழைய பெயரைப் புதிய பொருளுக்குச் சூட்டியவர்கள் பிழை செய்தவர்கள் அல்லர். கற்பவருக்கு அறிமுகமான சொல்லைத் தேடுவது கலைச்சொல்லாக்கத்தின் இயல்பான வழி. ஆனால் சூட்டிய பின்னர் அப்பெயர் பின்னோக்கியும் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பிராணன் என்று நூலில் உள்ள இடமெல்லாம் படிப்பவர் மனத்தில் ஆக்சிஜன் ஆகிறது.

ஆகவே மூச்சுமண்டலச் சொற்களின் வரலாற்றைக் காலவரிசையில் நின்று பார்ப்பது, மொழி வரலாற்றுக்கு மட்டுமன்றி அறிவியல் வரலாற்றுக்கும் தேவையாகிறது.

உந்தியில் எழும் வளி

உயிர், உயிர்ப்பு, உயிர்த்தல் ஆகிய மூன்றும் ஒரே அடியிற் பிறந்தவை. மூச்சு விடுவதே உயிரோடிருத்தல் என்னும் எண்ணம் சொல்லமைப்பிலேயே உள்ளது. நெடுமூச்சைக் குறிக்கும் நெட்டுயிர்ப்பு என்னும் சொல்லும் இவ்வழியில் வந்ததே. எழுத்துகளை உயிர், மெய் எனப் பகுத்த இலக்கண மரபு, மூச்சு எவ்வாறு ஒலியாகிறது என்பதை ஆராய்ந்ததில் வியப்பில்லை.

தொல்காப்பியப் பிறப்பியல் மூச்சின் வழியை உந்தியிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு கூட எட்டு இடங்களாகி, அவற்றின் பொருத்தத்தால் எழுத்துகள் வெவ்வேறாகப் பிறக்கின்றன. இக்கால ஒலியியலார் பாராட்டுவது பெரும்பாலும் இடங்களின் நுட்பத்தையே. மூச்சு வரலாற்றுக்கு அதனினும் சுவையானது தொடக்கப் புள்ளி. மூச்சுறுப்பு நெஞ்சில் இருக்க, ஆசிரியர் ஏன் உந்தியில் தொடங்கினார்? படுத்திருப்பவரின் வயிற்றை நோக்கினால் விடை கிடைக்கும். மார்பறைக்கும் வயிற்றறைக்கும் இடையே கவிகை போல் அமைந்த உதரவிதானம் சுருங்கித் தாழும்போது வயிறு முன்தள்ளுகிறது. தளர்ந்து மேலெழும்போது வயிறு உள்வாங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் மூச்சசைவு வயிற்றில்தான் மிகுதி. புறத்தே தெரிந்ததைக் கொண்டு அகத்தே உள்ளதை இலக்கணம் வகுத்தது எனக் கொள்வது பொருந்தும்.

இதனை ஊகம் என்று தள்ளிவிட முடியாதபடி பிறப்பியலின் இறுதி நூற்பா ஒரு வரையறையைத் தருகிறது. அகத்தெழும் வளியிசையை ஆராய்ந்து அளவு கொள்வது அந்தணர் மறையின்பாற்பட்டது. அதனை இங்குக் கூறாது, புறத்தே வெளிப்பட்டு இசைக்கும் வளியின் அளவை மட்டுமே கூறுவதாக ஆசிரியர் மொழிகிறார். தம் ஆய்வின் எல்லையைத் தாமே குறித்த நூலாசிரியருக்கு எல்லைக்கு அப்பாற்பட்ட அறிவை ஏற்றிக் கூறுவது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூலில் படம் சற்று மாறுகிறது. உயிரின் முயற்சியால் உள்வளி உந்தப்பட, அணுக்களின் திரட்சி எழுந்து ஒலியாகிறது என்பது பவணந்தியாரின் கருத்து. ஒலியை நுண்பொருளின் திரள் எனக் காணும் சமணக் கொள்கை இதில் தெளிவு. உந்தி பேசப்படவில்லை, நெஞ்சு, கழுத்து, உச்சி, மூக்கு என நான்கு இடங்களே வகுக்கப்படுகின்றன. இரு நூல்களிலும் நுரையீரல் இல்லை. வளிக்கு வழி உண்டு, உறுப்பு இல்லை. இலக்கணத்துக்கு அது தேவைப்படவுமில்லை.

பிராணனும் எண்ணும்

திருமந்திரம் மூச்சை உள்ளிழுத்தலைப் பூரகம் என்றும் நிறுத்தலைக் கும்பகம் என்றும் வெளிவிடலை இரேசகம் என்றும் வழங்கி, அவற்றுக்கு முறையே 16, 64, 32 என மாத்திரையளவு கூறுகிறது. இவ்வெண்கள் பயிற்சிக்குரிய விதிகள். இயல்பான மூச்சு எப்படி நிகழ்கிறது என்பதன் அளவீடாக இவற்றைக் கொள்வதற்கு நூலில் இடமில்லை. விதியையும் விவரிப்பையும் ஒன்றாக்குவது மரபு மருத்துவ ஆய்வுகளில் காணப்படும் குறைகளுள் ஒன்று.

இதனினும் புகழ்பெற்ற எண் 21,600. ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் தொகை அது என்பர். தில்லைப் பொன்னம்பலத்தின் ஓடுகளின் தொகையும் அதுவே என்பது மக்கள் வழக்கு. 21,600ஐ ஒரு நாளின் 1,440 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்திற்கு 15 வருகிறது. ஓய்விலிருக்கும் வளர்ந்தோர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றனர் என்பது இன்றைய உடலியல். எண் பொருந்துகிறது, எனவே பழந்தமிழர் எண்ணிப் பார்த்தே கூறினர் எனச் சிலர் முடிவு செய்வர்.

ஆனால் இவ்வெண்ணின் பிறப்பிடம் வானியலாகவே தோன்றுகிறது. பழைய காலக் கணக்கில் ஒரு நாள் 60 நாழிகை; ஒரு நாழிகை 60 விநாழிகை; ஒரு விநாழிகை 6 பிராணன். 60ஐ 60ஆலும் 6ஆலும் பெருக்க 21,600 ஆகிறது. வட்டத்தின் 360 பாகைகளும் பாகைக்கு 60 கலைகளாக அதே 21,600 கலைகளாகின்றன. ஒரு பிராண காலத்தில் புவி ஒரு கலை சுழல்கிறது என்று ஆரியபடர் கூறுவது இக்கணக்கை ஒட்டியே. வட்டத்தையும் நாளையும் ஒரே எண்ணாற் பகுக்க விரும்பிய கணிதருக்கு நான்கு நொடி அளவுள்ள ஓர் அலகு வேண்டியிருந்தது. அமைதியான ஒரு மூச்சு ஏறத்தாழ அவ்வளவு நேரம் எடுப்பதால் அதற்குப் பிராணன் என்று பெயராயிற்று. மூச்சின் கால அளவைக் கூர்ந்து கண்டவர்கள் என்ற பாராட்டு அவர்களுக்கு உரியதே. நாள் முழுதும் மூச்சை எண்ணித் தொகை கண்டனர் என்பதற்கு இவ்வெண் சான்றாகாது.

சித்த மருத்துவம் தச வாயுக்களை உடலின் தொழில்களோடு பொருத்துகிறது. பிராணன் மூச்சுக்கும், அபானன் கழிவுக்கும், சமானன் செரிமானத்துக்கும் உரியன. நாகன், கூர்மன், கிருகரன், தேவதத்தன் ஆகியவற்றுக்குரிய தொழில்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. தும்மல், கொட்டாவி, இமைத்தல் ஆகியவை இடம் மாறி வருவதைக் காணலாம். பொருள்களின் பட்டியலானால் இவ்வளவு நெகிழ்ச்சி இராது. இவை செயல்களின் பெயர்கள். செயலைப் பகுக்கும் முறை ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுவது இயல்பு.

நுரையும் பையும்

இலக்கணத்திலும் யோகத்திலும் காணாத உறுப்பின் பெயர் தமிழில் இல்லாமலில்லை. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் மூன்றையும் ஒருசேர வைத்தால் அவற்றின் தோற்றம் விளங்கும். ஒன்று கல்லைப் போற் செறிந்தது, ஒன்று மண்ணைப் போன்றது, ஒன்று நுரைத்தது. தொட்டும் வெட்டியும் அறிந்தவர்களின் பாகுபாடு இது. அறுத்த ஆட்டின் முன் நின்றவர்கள் வைத்த பெயராகவே இருக்க வேண்டும். இறைச்சிக் கடைகளில் இன்றும் மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்ற தனிப்பெயர் வழங்குவதும் அவ்வழக்கின் உயிர்ப்பைக் காட்டுகிறது. அகராதிகளில் இதற்கு இணையாகச் சுவாசாசயம் என்ற வடசொல்லும் உண்டு. ஆசயம் என்பது கொள்கலம். மூச்சு தங்கும் கலம் என்பது அதன் பொருள்.

நுரை, கலம் என்னும் இவ்விரு உருவகங்களுள் எது உறுப்பின் அமைப்புக்கு நெருங்கியது என்பதை முடிவு செய்தது 1661ஆம் ஆண்டு. தசைத்திரள் என அதுவரை கருதப்பட்ட நுரையீரல், மெல்லிய சவ்வாலான எண்ணற்ற நுண்ணறைகளின் தொகுதி என்பதைப் பொலோனாவைச் சேர்ந்த மால்பிகி நுண்ணோக்கியாற் கண்டார். தவளையின் நுரையீரலில் தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களையும் அவர் கண்டமையால், 1628இல் ஹார்வி கூறிய குருதிச் சுற்றில் விடுபட்டிருந்த கண்ணி நிறைந்தது. வளர்ந்த ஒருவரின் நுரையீரல்களில் நுண்ணறைகள் பல கோடி. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர். மார்பினுள் இவ்வளவு பரப்பை அடக்குவது நுரையால் மட்டுமே இயலும், பையால் இயலாது. இறைச்சி அறுத்தவர் இட்ட பெயர் அமைப்பைச் சொன்னது. கற்றோர் இட்ட பெயர் தொழிலைச் சொன்னது, அதுவும் முழுமையாக அன்று. காற்று அங்குத் தங்குவதற்காகச் செல்லவில்லை. குருதியோடு பரிமாறிக்கொள்ளவே செல்கிறது. உள்ளே செல்லும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன் வெளிவரும் காற்றில் 16 விழுக்காடாகக் குறைகிறது, 0.04 விழுக்காடாக இருந்த கார்பன் டை ஆக்சைடு 4 விழுக்காடாக உயர்கிறது. மூச்சு பற்றிய புதிய அறிவின் மையம் இப்பரிமாற்றமே. அதற்குரிய சொல் பழந்தமிழில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் கிறீன்

அச்சொற்களை முதன்முதல் பெரிய அளவில் தேட நேர்ந்தவர் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884). மசாசூசெட்சு மாநிலத்தின் வூஸ்டரைச் சேர்ந்த இவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலவழியாக நிகழ்ந்த கற்பித்தல், அவர் விடுமுறையில் தாயகம் சென்று 1862இல் மீண்ட பின்னர் தமிழ்வழிக்கு மாறியது. அவரிடம் பயின்ற மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

கல்வின் கற்றரின் உடற்கூற்று நூலைத் தழுவி 1850களில் வெளிவந்த ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ இவ்வரிசையில் முதலாவது. பெயரே அக்காலத்துச் சொல்லாக்கத்தைக் காட்டும்: அங்காதிபாதம் உடற்கூற்றியல், சுகரணம் உடலியல், உற்பாலனம் நலவழி. கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இலும், டால்டனின் உடலியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என 1883இலும் தமிழாயின. 1873இல் நாடு திரும்பிய கிறீன், தம் மாணவர்களின் மொழிபெயர்ப்புகளைக் கடல்கடந்தும் திருத்திவந்தார்.

தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுவது, இல்லையெனில் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கொண்ட வரிசைமுறை. வேதியியலுக்கு அவர் நூல் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் பெற்றது. பொருள் முற்றிலும் புதியதானால் பெயரும் புதியதாக இருக்கலாம் என்ற துணிவு அதில் உண்டு. மேலும், கிறீனின் மாணவர்களுக்கு மூச்சு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மறுநாள் காலை மானிப்பாய் மருத்துவமனையில் இருமி நிற்கும் நோயாளியின் மார்பில் காதுவைத்துக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள். அத்தேவை நீங்கிய பின்னர் சொற்களும் நூல்களோடு நின்றன. அவருக்குப் பின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கே சென்றது. அரசுப் பணிக்கு ஆங்கிலமே வாயிலாக இருந்த காலத்தில் வேறுவகையாக நிகழ்ந்திருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

இரு கரைகளில் இரு வழிகள்

இருபதாம் நூற்றாண்டில் சொல்லாக்கம் மீண்டும் தொடங்கியது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் நடத்திய கலைச்சொல் மாநாட்டுக்கு மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள் தலைமை வகித்தார். 1938இல் தொகுதி வெளிவந்தது. ஈழத்தவர் ஒருவர் தலைமையில் கூடிய பின்னரும், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாடநூற் சொற்கள் பிரிந்தே வளர்ந்தன.

தமிழ்நாட்டு மாணவர் மூச்சுக்குழல் என எழுதுமிடத்தில் இலங்கை மாணவர் வாதனாளி என எழுதுவார். நுண்ணறைக்கு அங்குச் சிற்றறை, உதரவிதானத்துக்குப் பிரிமென்றகடு, விலா எலும்பிடைத் தசைக்குப் பழுவிடைத் தசை, நுரையீரலுக்குச் சுவாசப்பை என்ற பெயரும் உண்டு. ஆக்சிஜன் அங்கு ஒட்சிசன். கார்பன் டை ஆக்சைடு காபனீரொட்சைட்டு. இவற்றுள் எவ்வழக்குத் தூய தமிழ் என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. அக்கேள்வி இப்பட்டியலின் முன் நிற்காது. வாதனாளி வடசொல், மூச்சுக்குழல் தமிழ். ஆனால் உதரவிதானம் வடசொல், பிரிமென்றகடு தமிழ். விலாவைக் குறிக்கும் பழு என்னும் பழஞ்சொல்லைக் காத்து வைத்திருப்பது இலங்கைப் பாடநூல்.

உண்மையான வேறுபாடு வாயுக்களின் பெயரில் உள்ளது. இலங்கை வழக்கு ஒலிபெயர்ப்பை ஏற்றது. தமிழ்நாட்டுப் பொதுவழக்கு பொருள்பெயர்ப்பை விரும்பிப் பிராணவாயு, கரியமில வாயு என்றது. தனித்தமிழார் உயிர்வளி என்றனர். கரியமில வாயு என்பது பதினெட்டாம் நூற்றாண்டு வேதியியலார் அவ்வாயுவைக் கரி சார்ந்த அமிலமாகக் கருதி இட்ட பெயரின் நேர்த் தமிழாக்கம். ஆங்கிலத்தில் அப்பெயர் வழக்கொழிந்த பின்னரும் தமிழில் அது வாழ்கிறது. இதனால் தீங்கில்லை; பழைய நூல் எதிலும் கரியமில வாயு இல்லை. பிராணவாயுவின் நிலை வேறு. ஒட்சிசன் என்று படித்த மாணவர் திருமந்திரத்தைத் திறக்கும்போது பிராணனை அதற்குரிய பொருளில் காண வாய்ப்புண்டு. பிராணவாயு என்று படித்தவருக்கு அவ்வாய்ப்புக் குறைவு. மொழியழகில் உயிர்வளிக்கு ஒட்சிசன் ஈடாகாது. வரலாற்றை மறைக்காத தன்மை அதற்கே உண்டு.

உட்சுவாசம் என்னும் சிக்கல்

இன்றைய பாடநூல்களில் கவனிக்க வேண்டிய இன்னொரு சொல் உட்சுவாசம். காற்றை உள்ளிழுத்தலுக்கு உட்சுவாசம் என்றும் வெளிவிடலுக்கு வெளிச்சுவாசம் என்றும் தமிழ்நாட்டுப் பள்ளி நூல்கள் வழங்குகின்றன. உடலியலிலோ அகச்சுவாசம், புறச்சுவாசம் என வேறொரு பாகுபாடும் உண்டு: நுரையீரலில் காற்றுக்கும் குருதிக்கும் இடையே நிகழும் பரிமாற்றம் ஒன்று, திசுக்களில் குருதிக்கும் உயிரணுவுக்கும் இடையே நிகழ்வது மற்றொன்று. உள் என்பதும் அகம் என்பதும் தமிழில் ஒரே பொருளன. பள்ளியில் உட்சுவாசம் என்பதைத் தசையசைவாகக் கற்றவர் கல்லூரியில் அகச்சுவாசத்தைத் திசுப் பரிமாற்றமாகக் கற்கும்போது தடுமாறுவது இயற்கை. மூச்சின் இயக்கத்தையும் வாயுப் பரிமாற்றத்தையும் உயிரணுவில் ஆற்றல் வெளிப்படுதலையும் சுவாசம் என்ற ஒரே சொல்லால் சுட்ட முற்பட்டதன் விளைவு இது.

இதற்குரிய தீர்வு மரபிலேயே கிடக்கிறது. பூரகம், இரேசகம் என்னும் இணை உள்ளிழுத்தல், வெளிவிடுதல் என்ற இயக்கங்களை மட்டும் குறிக்கும்; வேறொன்றோடும் மயங்காது. யோக மணம் மிகுதி என்பது அதற்கெதிரான வாதமானால், உள்மூச்சு, வெளிமூச்சு என்னும் எளிய சொற்கள் போதும். செயலுக்குப் பெயர் வைப்பதில் வல்லதாயிருந்த மரபைச் செயலுக்குப் பயன்படுத்தாமல், அம்மரபு அறிந்திராத தனிமத்துக்குப் பயன்படுத்தியது விந்தையே.

திருச்சிராப்பள்ளியில்

திருச்சிராப்பள்ளியில் 1997இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, அந்நகரின் தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதம் (1899-1994) பெயரைத் தாங்கியுள்ளது. தமிழ்வழிக் கல்விக்கும் தமிழ் மருத்துவத்துக்கும் வாதாடிய அவர் பெயரிலமைந்த கல்லூரியிலும், நாட்டின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளைப் போலவே, நுரையீரல் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகிறது. மருத்துவமனையிலோ கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளின் மருந்தகங்களிலோ நோயாளி பேசும் மொழி தமிழ். அதில் வீசிங், நெபுலைசர் என்னும் சொற்கள் கலந்திருக்கும். 2020க்குப் பின் ஆக்சிஜன் அளவு என்பது வீட்டுச் சொல்லாகி, விரலில் மாட்டும் கருவி காட்டும் எண்ணை எழுத்தறியாத முதியவரும் கேட்டறிகின்றனர். அவ்வேளையில் மக்கள் நாவில் வந்தது பிராணவாயு அன்று, ஆக்சிஜனே.

ஆயினும் மூச்சின் இடரைச் சொல்லும்போது மக்கள் வழக்கு கடன் வாங்குவது அரிது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பர். இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பர். குளிர்காலத்தில் மூச்சு இரைக்கிறது என்பர். முதலாவது உழைப்பால் வருவது. இரண்டாவது அடைபட்ட உணர்வு. மூன்றாவது ஒலியோடு கூடியது. யாழ்ப்பாணத்தில் இரைப்பு நோய்க்கு வழங்கும் முட்டு, தொய்வு என்னும் பெயர்களும் இவ்வகையினவே. மருத்துவருக்கு இவ்வேறுபாடுகள் பயனற்றவை அல்ல: படியேறுகையில் வருவதும், படுத்தால் வருவதும், சீழ்க்கை ஒலியோடு வருவதும் நெஞ்சகத்தின் வெவ்வேறு கோளாறுகளைச் சுட்டக்கூடும். நோயாளியின் குறிப்பேட்டில் இம்மூன்றும் பெரும்பாலும் டிஸ்ப்னியா என்னும் ஒற்றைக் கிரேக்கச் சொல்லாகப் பதிவாகின்றன.